30 டிகிரி கைப்பிடிக்கு இல்ல தம்பி, பிளேடுக்கு

கேள்வி: அண்ணே, எனக்கு வயசு 27. காலேஜ்லேர்ந்து மூணு பிளேடு கார்ட்ரிட்ஜ் ரேசர்தான் யூஸ் பண்ணிட்டு இருந்தேன், விலை கட்டுப்படியாகலன்னு மூணு மாசம் முன்னாடி பழைய மாடல் ரேசர், மூணு துண்டா கழட்டி ரெண்டு பக்க பிளேடு போடுறது, ஒண்ணு வாங்குனேன். 30 டிகிரியில பிடிக்கணும்னு வீடியோவுல சொன்னாங்க. போன்ல ஆங்கிள் ஆப் வச்சு கைப்பிடி கன்னத்துக்கு 30 டிகிரி சாய்வுல நிக்கிற மாதிரி பழகி, அதே சாய்வுல கழுத்து வரைக்கும் இறக்குறேன். கன்னம் பரவால்ல, கொஞ்சம் வறவறன்னு இழுக்கும். தாடைக்குக் கீழ முடி அப்படியே நிக்குது, நாலஞ்சு தடவை அழுத்தி இழுத்தாதான் போகுது, குரல்வளை பக்கத்துல அடிக்கடி ரத்தம், பத்து நாளா கழுத்தெல்லாம் சிவப்புப் புள்ளி. மூணு கம்பெனி பிளேடு மாத்திப் பார்த்துட்டேன். தை மாசம் கல்யாணம். ரேசரை மாத்தணுமா, பிளேடை மாத்தணுமா, சரியா எத்தனை டிகிரியில பிடிக்கணும்? (கோயம்புத்தூர்லேர்ந்து ஒரு வாசகர்)

பதில்:

தம்பி, ரேசரை மாத்த வேண்டாம், பிளேடையும் இனிமே மாத்த வேண்டாம். உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன், தப்பு எங்க நடக்குதுன்னு நீங்களே அதுல எழுதிட்டீங்க. "கைப்பிடி 30 டிகிரி"ன்னு ஒரு இடத்துல, "அதே சாய்வுல கழுத்து வரைக்கும்"னு இன்னொரு இடத்துல. இந்த ரெண்டும்தான் உங்க கழுத்தை எரிய வைக்குது. நான் ஈரோட்டுல சலூன் வச்சு 24 வருசமாச்சு, அதுக்கு முன்னாடி அப்பா கடையில கை பழகுனவன், இதே மாதிரி கழுத்தோட வந்து சேர்ல உட்கார்ற பசங்களை அடிக்கடி பார்க்குறேன், எல்லாரும் பொறுமையா கத்துக்கணும்னு நினைச்சு வாங்குன பசங்கதான், அந்த 30ங்கிற கணக்கை எதுலேர்ந்து எது வரைக்கும் அளக்கணும்னு மட்டும் யாரும் அவங்களுக்குச் சொல்லல.

30 டிகிரிங்கிறது பிளேடுக்கும் தோலுக்கும் நடுவுல இருக்குற சாய்வு. கைப்பிடிக்கும் முகத்துக்கும் நடுவுல இருக்குறது இல்ல. மாங்கா தோல் சீவுறதை நினைச்சுப் பாருங்க, கத்தியைப் படுக்க வச்சு ஓட்டுனா தோல் மட்டும் மெல்லிசா வரும், ரொம்பப் படுத்துட்டா ஒண்ணுமே வராம வழுக்கிக்கிட்டு போகும், நிமிர்த்திப் பிடிச்சா சீவாது, சதையோட சேர்த்து சுரண்டும். பிளேடும் அதேதான். தோல் மேல படுத்திருந்தா சைபர், குத்தா நின்னா 90, அதுல 30 சுமாருக்கு இருக்கும்போது முடியை வெட்டும், தோலை விட்டுடும். 25ல பிடிச்சாலும் வெட்டும், 35ல பிடிச்சாலும் வெட்டும், அதுக்காக ஸ்கேல் வச்சு அளக்குற விஷயம் இல்ல இது.

அப்ப கைப்பிடி எத்தனை டிகிரின்னு கேப்பீங்க. அது ஒவ்வொரு ரேசருக்கும் ஒவ்வொண்ணு, ஏன்னா உங்க ரேசருக்குள்ள பிளேடு நேரா இல்ல, வளைஞ்சு இருக்கு. இந்த பிளேடு 0.1 மில்லிமீட்டர் கனம்தான், அகலம் 22 மில்லிமீட்டர், கையில எடுத்தா தகடு மாதிரி நெளியும், அதை வச்சு அப்படியே முடி வெட்ட முடியாது. மேல இருக்குற மூடியும் கீழ இருக்குற தட்டும் சேர்ந்து முறுக்கும்போது அது வில்லு மாதிரி வளைஞ்சு விறைப்பாகுது, ரெண்டு ஓரமும் கைப்பிடி பக்கமா இறங்குது. அமெரிக்காவுல கிங் கேம்ப் ஜில்லெட் 1904ல பேட்டன்ட் வாங்குன ரேசர்லயே இந்த வேலைப்பாடு இருந்துச்சு, கனமா அடிச்சு செஞ்ச கத்திக்குப் பதிலா மெல்லிசு தகடு, தேய்ஞ்சா தூக்கிப் போட்டு வேற மாட்டிக்கலாம்னு அவரு யோசிச்சப்ப தகடை விறைப்பா நிறுத்துறதுதான் பெரிய சிக்கல். இன்னைக்கு ஒரு கம்பெனி அதிகமா வளைக்குது, இன்னொரு கம்பெனி கம்மியா வளைக்குது. அதனால பிளேடு தோலுக்கு 30ல நிக்கணும்னா ஒரு ரேசர்ல கைப்பிடி முகத்தை விட்டு நல்லா தள்ளி நிக்கணும், இன்னொண்ணுல கொஞ்சம் கிட்ட வரணும். நீங்க கைப்பிடியையே முகத்துக்கு 30 வரைக்கும் கொண்டு போயிட்டீங்க, பெரும்பாலான ரேசர்ல அது ரொம்ப கிட்ட, பிளேடு நிமிர்ந்து, தட்டோட ஓரத்துல பிளேடுக்குக் கீழ இருக்குற விளிம்பு, அதுக்குப் பேரு பார், அது தோல்ல அழுந்தி, சுரண்டல்தான் நடக்கும். கன்னம் வறவறன்னு இழுக்குதுன்னு எழுதியிருந்தீங்க இல்ல, அது இதுதான், கன்னம் தட்டையான இடம், முடியும் அங்க மெல்லிசு, அதனால அது பொறுத்துக்குச்சு.

கழுத்து ஏன் பொறுக்கலங்கிறது அடுத்த விஷயம், இதுதான் முக்கியமானது, இதை மட்டும் நல்லா மனசுல வாங்கிக்கோங்க. போன் ஆப்பு தரையை வச்சு அளக்குது. உங்க கன்னம் சுவரு மாதிரி நேரா நிக்கிற வரைக்கும் அந்த அளவு ஏதோ ஒத்து வரும். தாடை எலும்பைத் தாண்டுனதும் தோல் உள்ளுக்கு மடங்கி தரையைப் பார்த்து திரும்பிடுது. நீங்க கைப்பிடியை அதே சாய்வுல வச்சுக்கிட்டு இறங்குறீங்க, கை மாறல, தோல் மாறிடுச்சு, அப்ப தோலுக்கு ரேசர் நேர் குத்தா ஆயிடுது, மூடி மட்டும் தோல்ல ஓடுது, பிளேடு முடியைத் தொடவே இல்ல. அதனாலதான் தாடைக்குக் கீழ முடி அப்படியே நிக்குது. முடி நிக்குதேன்னு நீங்க அழுத்துறீங்க, திரும்பத் திரும்ப இழுக்குறீங்க, நுரையும் அதுக்குள்ள போயிடுது. அப்படியே அழுத்திக்கிட்டே இறங்கி வந்தா குரல்வளைக்கு மேல கழுத்து மறுபடி நேரா திரும்புற இடம் வருது, அதுவரைக்கும் சும்மா வந்த பிளேடு அந்த வளைவுல திடீர்னு நிமிர்ந்து உட்காருது, உங்க அழுத்தம் முழுக்க அதுல இருக்கு, வெட்டு அங்கதான் விழும், நீங்க எழுதுன அதே இடம்.

கார்ட்ரிட்ஜ்ல இந்தத் தொல்லை உங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது, அதோட தலை தானா ஆடி தோலுக்குத் தகுந்த மாதிரி திரும்பிக்கும், கை எப்படிப் போனாலும் அது சமாளிச்சுக்கும். இந்த ரேசர்ல தலை ஆடாது. ஆடுற வேலையை உங்க மணிக்கட்டு செய்யணும்.

சரி, எப்படிப் பழகுறதுன்னு சொல்றேன். கழுத்து ஆறுற வரைக்கும் கத்தியே வைக்க வேண்டாம், அஞ்சாறு நாள் தாடி வளரட்டும், ஆபீஸ்ல யாராவது கேட்டா கேக்கட்டும். அந்த நாள்ல பிளேடு போடாம ரேசரை முறுக்கி, குளிக்கும்போது முகத்துல நுரை போட்டுக்கிட்டு சும்மா ஓட்டிப் பழகுங்க. மூடியோட மேல்பக்கத்தை கன்னத்துல தட்டையா வையுங்க, கைப்பிடி முகத்துக்கு நேர் குத்தா நீட்டிக்கிட்டு இருக்கும். அந்த மூடி தோல்ல படுற உணர்வு எப்படி இருக்கு, கைப்பிடியை இறக்க இறக்க அது எப்படி மாறுது, எந்த இடத்துல பார் வந்து தோல்ல முட்டுதுன்னு விரலுக்குத் தெரியணும். தாடைக்குக் கீழ போகும்போது அதே உணர்வு வர்றதுக்கு கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்பணும்னு பாருங்க, தலையை நேரா வச்சிருந்தா கைப்பிடி நெஞ்சுப் பக்கமா உள்ள வர வேண்டியிருக்கும், அது கஷ்டம், தாடையைத் தூக்கி கூரையைப் பார்த்தீங்கன்னா அந்த மடிப்பே விரிஞ்சு கழுத்தும் தாடைக்கீழும் ஒரே சரிவா ஆயிடும், கைக்கு வேலை பாதியாகும்.

அப்புறம் பிளேடு போடுங்க. போடும்போது ஒண்ணு கவனிக்கணும், பிளேடோட ரெண்டு சின்ன பக்கத்தையும் விரலால பிடிச்சு மூடியோட சேர்த்து அமுக்கி வச்சுக்கிட்டுதான் கைப்பிடியை முறுக்கணும், இல்லன்னா பிளேடு கோணலா உட்கார்ந்து ஒரு பக்கம் அதிகமா நீட்டிக்கிட்டும் இன்னொரு பக்கம் கம்மியாவும் இருக்கும், நீங்க கையால எவ்வளவு சரியா பிடிச்சாலும் ஒரு பக்கம் வெட்டும் ஒரு பக்கம் வெட்டாது. முறுக்குன பிறகு வெளிச்சத்துல நேரா தூக்கிப் பாருங்க, ரெண்டு ஓரமும் ஒரே அளவு தெரியணும். நல்லா இறுக்கி முறுக்குங்க, லூசா விட்டா பிளேடு அதிரும்.

இப்ப கன்னத்துல மூடியைத் தட்டையா வச்சு, கைப்பிடி நேர் குத்தா இருக்க, அப்படியே கீழ ஓட்டுங்க, ஒண்ணும் வெட்டாது. ஒரு அங்குலம் ஓட்டிட்டு எடுங்க, கைப்பிடியை இம்மியளவு இறக்குங்க, மறுபடி ஒரு அங்குலம். இப்படியே இறக்கிக்கிட்டே வந்தா ஒரு இடத்துல சத்தம் கேக்கும், சரசரன்னு, காஞ்ச இலை மேல மெதுவா நடக்குற மாதிரி. அங்க நிறுத்துங்க. அதுதான் உங்க ரேசரோட ஆங்கிள், அது எத்தனை டிகிரின்னு தெரிஞ்சுக்க வேண்டிய அவசியமே இல்ல. அதுக்கு மேல இறக்குனா வெட்டுறது நிக்காது, ஆனா சத்தம் கரகரன்னு மாறும், தோல் பின்னாடியே இழுபடும், அது சுரண்டல். இந்த ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சம் இடம் இருக்கு, புதுசா பழகுறவங்க அதுல மூடிப் பக்கமாவே இருந்துக்கணும், முடி கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் தோல் தப்பிச்சிடும். பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்திடுங்க, குழாயை மூடிடுங்க, போன்ல பாட்டும் வேண்டாம், சத்தம்தான் இதுல உங்களுக்கு வாத்தியார்.

எங்க அப்பா எனக்குப் பழக்குனது பலூன்ல. ஊதின பலூன் மேல நுரையைப் பூசி, கத்தியால அந்த நுரையை முழுக்க வழிச்செடுக்கணும், பலூன் உடையக்கூடாது. அவரோட கத்தி தோல் வார்ல தீட்டுற மடக்குக்கத்தி, பிறகுதான் பிளேடைப் பாதியா ஒடிச்சு ஹோல்டர்ல மாட்டுற காலம் வந்துச்சு. அந்தக் கத்தியில பாரும் இல்ல மூடியும் இல்ல, எல்லா ஆங்கிளும் கையிலதான், கொஞ்சம் நிமிர்ந்தா டப்புன்னு பலூன் போயிடும். பலூன் எந்தப் பக்கமும் நேரா இல்ல பாருங்க, எங்க வச்சாலும் வளைவு, ஒவ்வொரு அரை அங்குலத்துக்கும் மணிக்கட்டு திரும்பிக்கிட்டே இருக்கணும், அதைத்தான் அவரு எனக்குள்ள ஏத்துனாரு. முதல் ஆள் முகத்துல கத்தி வைக்கிறதுக்குள்ள எத்தனை பலூன் உடைச்சேன்னு கணக்கே இல்ல. உங்க ரேசர்ல பார் இருக்குறதால பலூன் வேண்டாம், ஆனா முகத்தை பலூனா நினைச்சுக்கோங்க, நேர்க்கோடே கிடையாது, சின்னச் சின்ன இழுப்புதான், ஒரு அங்குலம், மிஞ்சிப்போனா ஒண்ணரை அங்குலம், காதுலேர்ந்து தாடை வரைக்கும் ஒரே இழுப்பா இழுக்குறது விளம்பரத்துல மட்டும்தான்.

அழுத்தத்தைப் பத்தி தனியா சொல்லியே ஆகணும். உலோக ரேசர் நிறைய 70, 80 கிராம் கனம் இருக்கும், அந்தக் கனமே வெட்டுறதுக்குப் போதும், நீங்க பண்ண வேண்டியது அதை விழாம பிடிச்சுக்கிறது மட்டும்தான். கைப்பிடியை மேல, தலைக்குக் கிட்ட பிடிச்சா அழுத்தம் தானா வந்துடும், கீழ்முனைக்குப் பக்கத்துல விரல் நுனியால பிடிங்க, பேனா பிடிக்கிற மாதிரி கூட வேண்டாம், அதை விட லேசா. அழுத்துனா தோல் பிதுங்கி பிளேடுக்கும் பாருக்கும் நடுவுல இருக்குற இடைவெளிக்குள்ள போகும், ஆங்கிள் என்னதான் சரியா இருந்தாலும் அப்புறம் பிரயோஜனமில்ல. வெட்டலன்னா அழுத்தக்கூடாது, ஆங்கிளைத் திருப்பணும். உங்க கை இப்ப நேர்மாறா பழகியிருக்கு, அது மாற ரெண்டு மூணு வாரம் ஆகும், பரவால்ல.

அடுத்து கழுத்து முடி எந்தப் பக்கம் வளருதுன்னு பார்த்தீங்களா? எல்லாரும் மேலேர்ந்து கீழ இழுத்தா அதுதான் நேர் ஷேவிங், கீழேர்ந்து மேல போனா ரிவர்ஸ்னு நினைச்சுக்கிறாங்க. கன்னத்துக்கு அது சரி. கழுத்துல நிறைய பேருக்கு கீழ்ப்பாதி முடி மேல் நோக்கி வளரும், சிலருக்கு குறுக்கால காதுப் பக்கம் படுத்திருக்கும், ஒரு பக்கம் சுழி கூட இருக்கும். அப்படி இருக்குறவங்க மேலேர்ந்து கீழ இழுக்கும்போது தெரியாமலே ரிவர்ஸ் அடிச்சுக்கிட்டு இருக்காங்க, அதுவும் முதல் இழுப்புலயே, நீளமா இருக்குற முடியில. உங்க சிவப்புப் புள்ளிக்கு இதுவும் ஒரு காரணமா இருக்க வாய்ப்பு நிறைய. இப்ப வளர விட்டிருக்குற இந்த ஒரு வாரத்துல விரலால நாலு பக்கமும் தடவிப் பாருங்க, எந்தப் பக்கம் தடவுனா வழுக்குதோ அதுதான் முடி வளர்ற பக்கம், எந்தப் பக்கம் குத்துதோ அது எதிர்ப்பக்கம். ஒரு பேப்பர்ல முகம் கழுத்து மாதிரி வரைஞ்சு அம்புக்குறி போட்டு கண்ணாடியில ஒட்டிக்கோங்க. கல்யாணம் முடியிற வரைக்கும் அந்த அம்புக்குறி போற பக்கம் மட்டும்தான் ஷேவிங், ரெண்டாவது தடவை வேணும்னா மறுபடி நுரை போட்டு குறுக்கால, ரிவர்ஸ் பக்கமே போகாதீங்க. ரிவர்ஸ்ல தோலை ரொம்ப இழுத்துப் பிடிச்சு ஒட்ட வெட்டுனா முடி நுனி தோல் மட்டத்துக்குக் கீழ போயிடும், சுருட்டை முடிக்காரங்களுக்கு அது திரும்ப வெளிய வராம உள்ளுக்குள்ளயே வளைஞ்சு கட்டியாகும், அதுதான் கழுத்துல பரு மாதிரி வர்றது.

குரல்வளைக்கு ஒரு வழி சொல்றேன், அதுக்கு மேலயே நேரா ரேசரைக் கொண்டு போகாதீங்க. இடது கையால அந்த மேட்டு மேல இருக்குற தோலை ஒரு பக்கமா நகர்த்துங்க, மேடு இருந்த இடத்துக்குப் பக்கத்துல இருக்குற தட்டையான சதை மேல அந்தத் தோல் வந்துடும், அங்க வச்சு வழிச்சிட்டு விட்டுடுங்க, அப்புறம் இன்னொரு பக்கம். எச்சில் முழுங்கி அப்படியே ஒரு நொடி நிறுத்துனாலும் மேடு மேல ஏறிக்கும், கீழ தட்டையா கிடைக்கும். முகவாய்க்கட்டைதான் இருக்குறதுலயே கஷ்டமான வளைவு, அங்க அரை அங்குலத்துக்கு மேல ஒரு இழுப்பு வேண்டாம், ஒவ்வொரு இழுப்புக்கும் மூடியை முதல்ல வச்சு அப்புறம் இறக்கி ஆங்கிளைப் பிடிங்க. மேல் உதட்டுக்கு உதட்டைப் பல்லு மேல இழுத்து மடிச்சுக்கிட்டா போதும், மீசை வச்சிருக்கீங்கன்னா அந்த வேலையும் இல்ல.

நுரை விஷயத்துக்கு வர்றேன், கோயம்புத்தூர்னு போட்டிருக்கீங்க, உங்க வீட்ல சிறுவாணித் தண்ணியா போர் தண்ணியான்னு தெரியாது. போர் தண்ணியா இருந்தா நுரைக்கு அது ஆகாது, அதுல இருக்குற சுண்ணாம்புச் சத்து சோப்போட சேர்ந்து திரிதிரியா போயிடும், பார்க்க நுரை இருக்குற மாதிரி இருக்கும், வழவழப்பு இருக்காது. வழவழப்பு இல்லன்னா எந்த ஆங்கிளும் காப்பாத்தாது. ஒரு டம்ளர் ஆர்ஓ தண்ணியோ கேன் தண்ணியோ லேசா சூடு பண்ணி வச்சுக்கோங்க, பிரஷ் முக்குறதுக்கு அது போதும். முகத்தை வெந்நீர்ல ரெண்டு மூணு நிமிஷம் நல்லா நனைய விடுங்க, குளிச்ச உடனே பண்ணா இன்னும் நல்லது, காஞ்ச தாடி முடி வெட்டுறதுக்கு ரொம்ப முரடு, தண்ணி குடிச்சா நல்லா இளகிடும். ட்யூப் க்ரீமா இருந்தாலும் சோப்பா இருந்தாலும் பிரஷ்ஷால ஒரு நிமிஷமாவது சுத்தி அடிங்க, தயிர் பதம் வரணும், சோப்பு நுரை மாதிரி பொங்கிக்கிட்டு காத்தடைச்சு இருக்கக்கூடாது. ஒரு தடவை வழிச்ச இடத்துல நுரை இல்லாம திரும்ப ரேசர் வைக்கவே கூடாது, நீங்க நாலஞ்சு தடவை இழுத்தேன்னு எழுதுனதுல பாதி வெறும் தோல்லதான் நடந்திருக்கும்.

பிளேடு மூணு மாத்திட்டேன்னு சொன்னீங்க, அதுதான் உங்களை இன்னும் குழப்பியிருக்கு. ஆங்கிளும் மாறி பிளேடும் மாறுனா எதால எரியுதுன்னு எப்படித் தெரியும்? ஏதாவது ஒண்ணை எடுத்துக்கோங்க, செவன் ஓ கிளாக்கோ டோபாஸோ எதுவா இருந்தாலும் சரி, ஒரு மாசம் அதே. ஜப்பான்லேர்ந்து வர்ற ஃபெதர் ரொம்பக் கூர்மை, கை பழகுன பிறகு போட்டுப் பாருங்க, இப்ப வேண்டாம். அதே மாதிரி மூலே ஆர்41 மாதிரி பிளேடு நல்லா வெளிய தெரியுற ரேசரை யாராவது நல்லா இருக்கும்னு சொன்னாலும் இப்போதைக்குக் காது கொடுக்காதீங்க. ஒரு பிளேடை நாலு அஞ்சு ஷேவிங்குக்கு மேல ஓட்டாதீங்க, உங்க தாடி முரடா இருந்தா மூணுலயே மாத்துங்க. 2020ல அமெரிக்காவுல எம்ஐடிங்கிற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து ஆளுங்க எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்குள்ள வச்சு முடி வெட்டிப் பார்த்து சயின்ஸ் பத்திரிகையில எழுதுனாங்க, முடி எஃகை விட 50 மடங்கு மென்மையானது, அப்படியிருந்தும் முடி வளைஞ்சு சாய்வா விளிம்புல படும்போது, அந்த இடத்துல எஃகும் சீரா இல்லாம இருந்தா, விளிம்பு சில்லு சில்லா உடையுதாம். நாங்க கடையில பழைய பிளேடை விரல்ல தொட்டுப் பார்த்தே சொல்ற விஷயம் அது, ஏன்னு அன்னைக்குத்தான் எனக்கு விளங்குச்சு. பிளேடைத் துண்டால துடைக்காதீங்க, விளிம்பும் போகும் விரலும் போகும், தண்ணியில அலசி உதறி வச்சா போதும். தேய்ஞ்ச பிளேடைக் குப்பையில சும்மா போடாம ஒரு தகர டப்பாவுல மூடியில கீறி உள்ள போட்டுக்கிட்டே வாங்க, குப்பை அள்ளுறவங்க கைக்கு அது போகக்கூடாது.

எல்லாம் முடிஞ்சதும் பச்சைத் தண்ணியில கழுவிட்டு படிகாரக்கல்லை நனைச்சு முகம் கழுத்து முழுக்க ஒரு தடவை தடவுங்க. ரத்தம் நிறுத்த மட்டும் இல்ல, படிகாரம் உங்களுக்குக் கணக்கு சொல்லும், எந்த இடத்துல சுள்ளுன்னு எரியுதோ அந்த இடத்துல இன்னைக்கு ஆங்கிள் நிமிர்ந்துச்சு, இல்லன்னா அழுத்திட்டீங்க. கண்ணாடியில ஒட்டுன பேப்பர்லயே அந்த இடத்துல ஒரு புள்ளி வையுங்க. அடுத்த தடவை அந்த இடம் வரும்போது கை தானா ஜாக்கிரதையாகும். ஒரு நிமிஷம் விட்டுக் கழுவிட்டு வாசனை இல்லாத மாய்ஸ்ச்சரைசர் ஏதாவது தடவுங்க, ஸ்பிரிட் கலந்த ஆஃப்டர்ஷேவ் இந்தக் கழுத்துக்கு இப்ப ஆகாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஷேவ் பண்ணா போதும், தினமும் வேண்டாம். வளர விட்டும் அந்தப் புள்ளி ஆறலன்னா, இல்ல சீழ் கோத்துக்கிட்டா, தோல் டாக்டரைப் பாருங்க, நாங்க சொல்றதும் படிகாரமும் அதுக்குப் போதாது, கல்யாணத் தேதி பக்கத்துல வர்ற வரைக்கும் அதைத் தள்ளிப் போடாதீங்க.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலமே ஷேவ் பண்ணிக்கோங்க, ராத்திரி முழுக்க தோல் அடங்கிடும், காலையில சிவப்பு தெரியாது. உங்க வீட்டு முறையில மாப்பிள்ளைக்கு சவரம் பண்ற சடங்கு காலையில இருந்தா, அல்லது சலூன்லதான் பண்ணப் போறீங்கன்னா, உட்காருற உடனே ரெண்டே ரெண்டு விஷயம் சொல்லிடுங்க. புது பிளேடை உங்க கண்ணு முன்னாடி பிரிச்சுப் போடச் சொல்லுங்க, ரத்தத்துல பரவுற நோய் எதுவா இருந்தாலும் அடுத்தவங்க பிளேடு மூலமா வரலாம், இதைக் கேக்குறதுக்கு எந்தத் தொழில்காரரும் கோவிச்சுக்க மாட்டாரு. இன்னொண்ணு, "அண்ணே, கழுத்துல கீழ்ப்பாதி முடி மேல பார்த்து வளருது, அந்தப் பக்கமாவே ஒரே தடவை மட்டும் பண்ணுங்க, ரிவர்ஸ் வேண்டாம்"னு சொல்லிடுங்க, உங்க அம்புக்குறி பேப்பர்ல எப்படி வந்திருக்கோ அப்படியே. கேக்குறவரு விவரம் தெரிஞ்சவரா இருந்தா முதல்ல விரலால உங்க கழுத்தைத் தடவிப் பார்த்துட்டுத்தான் கத்தியை எடுப்பாரு.